ஐந்து நாள் தோட்டம்

இளம்பிள்ளையில் தறி வைத்து நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற கோடையில் தம் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குச் சென்று வந்தார். கஞ்சமலையை அடுத்து வாழ்பவர்களுக்குச் சேர்வராயன் மலை தொலைவான இடமன்று. சேலத்தைக் கடந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தால், கீழே சமவெளியில் அனலாய் வீசிய காற்று அங்கே குளிர்ந்து வந்து முகத்தில் மோதும். ஏரிக்கரையை ஒட்டிய அண்ணா பூங்காவில் ஆண்டுதோறும் கோடை விழாவின்போது மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. அதைக் காண்பதற்கென்றே சேலம், நாமக்கல் மாவட்டங்களிலிருந்து மக்கள் திரள் திரளாக மலையேறுகின்றனர்.

நண்பரும் கண்டார், வியந்தார். ஆனால் கூடச் சென்ற அவருடைய இளைய மகள், மலர்களாலேயே எழுப்பப்பட்டிருந்த ஓர் உருவத்தின் முன்னே நெடுநேரம் நின்றுவிட்டு, “அத்தா, காட்சி முடிஞ்ச பிறகு இந்தப் பூவெல்லாம் என்ன ஆகும்?” என்று கேட்டிருக்கிறாள். “வாடிப் போகும்மா, அள்ளிக் கொட்டிடுவாங்க” என்றிருக்கிறார் அவர். “அப்புறம் ஏன் செஞ்சாங்க?” என்பது சிறுமியின் அடுத்த கேள்வி.

அதற்கு விடை சொல்லத் தெரியாமல், அந்தக் கேள்வியை அப்படியே நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தார் நண்பர். “பாய், இது இஸ்ராஃப் ஆகாதா? வீண் விரயம் செய்வோர் ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்று மறை சொல்லவில்லையா?” என்றார். அவர் இதனைப் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை. அவருடைய மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபத்து மேடையையே ஒரு பூந்தோட்டமாக ஆக்கித் தருவதாகச் சொல்லி, அலங்காரம் செய்பவர் ஒரு மதிப்பீட்டையும் கையில் கொடுத்துப் போயிருந்தார். மகள் மலையில் கேட்ட கேள்வி அந்தக் காகிதத்தின் மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இத்தகைய காட்சித் தோட்டங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. மலர் உருவங்களுக்கு இரும்புக் கம்பியால் ஒரு கூடு கட்டுகின்றனர். அதன்மேல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பச்சைநிறப் பஞ்சுக் கட்டிகளைப் பொருத்தி, காம்பு நறுக்கிய மலர்களை ஒவ்வொன்றாகக் குத்திச் செல்கின்றனர். கார்னேஷன், சாமந்தி போன்ற எளிதில் வாடாத மலர்களே இதற்கு ஏற்றவை. உதகை அரசினர் தாவரவியல் பூங்காவில் 2019ஆம் ஆண்டு நடந்த 123ஆவது மலர்க் காட்சியில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்னேஷன் மலர்களால் நாடாளுமன்றக் கட்டடத்தை அமைத்திருந்தார்கள். இந்த வேலையைப் பற்றி நாம் விவரித்தபோது நண்பர் சிரித்தார். “எங்கள் ஜக்கார்டு அட்டையில் ஒரு துளைக்கு ஓர் இழை, அவர்களுக்கு ஒரு புள்ளிக்கு ஒரு பூ. வேறுபாடு என்னவென்றால், நாங்கள் முந்தியில் போடுகிற பூ, கட்டுகிறவள் கிழவியாகும்வரை இருக்கும்” என்றார். தொழில் தெரிந்தவர் சொல் அது.

தொட்டிச் செடிகளின் கதை வேறு. மே மாதத்துக் காட்சிக்கு வேண்டிய செடிகளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே விதை தூவியாக வேண்டும். நாற்றுப் பாவி, பிரித்து நட்டு, நுனி கிள்ளி, பனிக்கு மூடாக்குப் போட்டு, குறித்த வாரத்தில் எல்லாம் ஒருசேரப் பூக்குமாறு நாள் கணக்குப் பார்த்து வளர்க்கின்றனர். பார்வையாளர் ஒரு நாழிகையில் பார்த்துவிட்டுச் செல்லும் ஒரு மலர்ப்பாத்திக்குப் பின்னே, எத்தனையோ தோட்டத் தொழிலாளர்களின் அரையாண்டு உழைப்பு மறைந்திருக்கிறது.

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம். குறுகிய வாழ்நாள் உடையது என்ற ஒரே காரணத்தால் ஒன்று வீணாகிவிடுமா? ஆகாது என்பதே நம் கருத்து. மணப்பெண்ணின் கையில் இடும் மருதாணி பத்து நாளில் வெளிறிவிடுகிறது. மாலையில் வாங்கிய மல்லிகைச் சரம் காலையில் சருகாகிவிடுகிறது. இவற்றை விரயமென்று நம் முன்னோர் எவரும் சொன்னதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருள்மொழி ஒன்று இவ்விடத்தில் நம் நெஞ்சைத் தொடுகிறது. உங்களில் ஒருவர் கையில் ஒரு மரக்கன்று இருக்கும்போது இறுதி நாளே வந்துவிட்டாலும், இயலுமானால் அதை நட்டுவிடட்டும் என்பது அதன் கருத்து. அந்தக் கன்று வேர் விடப்போவதில்லை, இலை விடப்போவதில்லை, அதன் நிழலில் எவரும் அமரப்போவதுமில்லை. ஆயினும் நடுதல் என்னும் செயலுக்குரிய சிறப்பு குன்றவில்லை. பயன்பாட்டுக் காலத்தைக் கொண்டு மட்டுமே ஒரு செயலை நிறுப்போர், இந்த மொழியின் முன்னே தம் தராசைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

ஆகவே ஐந்து நாள் தோட்டம் என்பதால் அது குற்றமாகிவிடவில்லை. அப்படியானால் குற்றம் எங்கேதான் இருக்கிறது? எங்குமே இல்லையென்று சொல்லி நழுவிவிட நம்மால் இயலவில்லை.

நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட ஷத்தாதின் கதை நினைவிருக்கும். சுவனபதியின் வருணனையைக் கேள்வியுற்ற அந்த மன்னன், தானே ஒன்றைப் பூமியில் சமைப்பேன் என்று கிளம்பினான். பொன்னும் மணியும் குவித்து, மரங்களும் ஓடைகளும் அமைத்து, எல்லாம் முடிந்து காணச் செல்லும் வழியில் மாண்டு போனான். திருமறை தூண்களையுடைய இரமைத்தான் குறிப்பிடுகிறது. மற்ற விவரமெல்லாம் பழங்காலக் கதைசொல்லிகள் சேர்த்தவை. ஆயினும் காட்சிக்கென்றே செய்யப்பட்ட தோட்டம் ஒன்றைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் முதற்கதை அதுதான். அதில் வருகிற மன்னன் பிறருக்குக் காட்டவுமில்லை, தானும் காணவுமில்லை.

கதையை விடுத்து வரலாற்றுக்கு வந்தால், ஷத்தாதின் தோட்டத்தை மிஞ்சும் ஒன்றை அங்கே காண்கிறோம். இளம்பிள்ளை நண்பருக்கு அதை நாம் சற்று விரித்தே சொன்னோம். ஏனென்றால் அது நெய்யப்பட்ட தோட்டம்.

பாரசீகத்தின் ஸாஸானிய மன்னர்கள் மதாயின் அரண்மனையில் ஒரு விரிப்பை வைத்திருந்தனர். கிஸ்ராவின் வசந்தம் என்று அது பெயர் பெற்றது. குளிர்காலத்தில் தோட்டத்து மலர்களெல்லாம் மறைந்த பிறகு, மன்னர் மதுவிருந்துக்கு அமரும்போது தோட்டத்திலேயே அமர்ந்திருப்பதுபோல் தோன்ற வேண்டுமென்பதற்காக அதை விரிப்பார்கள். வரலாற்றாசிரியர் தபரீ அதனை வருணித்திருக்கிறார். அறுபது முழ நீளம், அறுபது முழ அகலம். அத்தனையும் ஒரே விரிப்பு. நிலத்துக்குப் பொன்னிழை, நீரோடைகளுக்கு மணிகள், இலைகளுக்குப் பட்டு, மலர்களுக்குப் பொன்னும் வெள்ளியும், கனிகளுக்கு இரத்தினங்கள். ஓரங்களில் வசந்தகாலத்து விளைநிலம்போல் பசுமை நெய்யப்பட்டிருந்ததாம்.

ஹிஜ்ரி 16ஆம் ஆண்டில், கி.பி. 637இல், ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் படை மதாயினைக் கைப்பற்றியபோது இந்த விரிப்பும் கிடைத்தது. மற்றப் பொருள்களைப் பங்கிட முடிந்தது. இதைப் பங்கிட முடியவில்லை. வீரர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க, அது மதீனாவுக்கு அனுப்பப்பட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதை மக்கள் முன்னே வைத்து, என்ன செய்யலாமென்று ஆலோசனை கேட்டார்கள். தங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்றார்கள் பலர். அலீ (ரலி) அவர்களோ, இன்று இதை இப்படியே வைத்திருந்தால், நாளை தமக்கு உரிமையில்லாததை இதன் பேரால் எடுத்துக்கொள்வோர் தோன்றுவர் என்ற கருத்தைக் கூறினார்கள். விரிப்பு துண்டு துண்டாக வெட்டிப் பகிரப்பட்டது. அலீ (ரலி) அவர்களுக்குக் கிடைத்த துண்டை அவர்கள் 20,000 திர்ஹத்துக்கு விற்றார்கள் என்றும், அது துண்டுகளில் மிகச் சிறந்ததன்று என்றும் குறிப்பு உண்டு.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு விரல் விட்டுக் கணக்குப் போட்டார். “அறுபது முழமென்றால் முப்பது கெஜம். ஆறு கெஜச் சேலையை நீளவாக்கில் ஐந்து போட வேண்டும். அகலத்துக்கு இருபத்திரண்டரை வரும். நூற்றுப் பன்னிரண்டு சேலைக்கு மேலே, பாய். அத்தனையும் ஒரே பாவில்!” என்றவர், “எனக்கென்றால் கத்தரி வைக்க மனம் வந்திருக்காது” என்றார்.

நமக்கும் இதைப் படிக்குந்தோறும் ஒரு சிறு வேதனை உண்டாகத்தான் செய்கிறது. பெயர் தெரியாத எத்தனை நெசவாளர்களின் கண்பார்வை அதில் போயிருக்கும்! அழகின் மீது அன்பு கொண்ட மார்க்கம் அழகிய ஒரு பொருளை அழிக்கலாமா என்று கேட்பவர் உளர். அவர்களுக்கு நாம் சொல்வது இது: அன்று வெட்டப்பட்டது அழகு மட்டுமன்று. அந்தத் தோட்டத்துக்குள் ஒரே ஒருவர்தான் அமர முடியும் என்ற ஏற்பாடும் சேர்த்தே வெட்டப்பட்டது. ஊரெல்லாம் குளிரில் நடுங்குகையில் ஒருவருக்கு மட்டும் வசந்தம் என்பதே அந்த விரிப்பின் பொருள். அதை எந்த மண்டபத்தில் விரித்தாலும் அதே பொருளைத்தான் அது சொல்லிக்கொண்டிருக்கும். இருப்பினும் நண்பரின் வேதனையைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம். தொழிலை நேசிப்பவனுக்கு அந்த வலி இல்லாவிட்டால்தான் நாம் ஐயுற வேண்டும்.

திருக்குர்ஆனில் தோட்டக்காரர்களைப் பற்றிய இரு வரலாறுகள் இதே வினாவைத் தொடுகின்றன. கஹ்ஃபு அத்தியாயத்தில் வருபவன் இரு திராட்சைத் தோட்டங்களுக்கு உரியவன். பேரீச்ச மரங்கள் சூழ, நடுவே ஆறு ஓட, குறைவின்றி விளைந்தவை அவை. அவன் தன் தோழனை அழைத்துச் சென்று தோட்டத்தைக் காட்டுகிறான். காட்டும்போதே, உன்னைவிட நான் செல்வத்தில் மிகைத்தவன், இது ஒருநாளும் அழியாது என்று பேசுகிறான். தோட்டத்தைக் காட்டியதில் பிழையில்லை. காட்டிய நோக்கத்தில்தான் பிழை. கலம் அத்தியாயத்தில் வருவோர் இதற்கு நேர் எதிரானவர்கள். அவர்கள் காட்டவே விரும்பாதவர்கள். ஏழை எவரும் இன்று உள்ளே வந்துவிடக் கூடாது என்று மெல்லப் பேசிக்கொண்டு, விடியுமுன் கனி பறிக்கச் செல்கின்றனர். சென்று பார்த்தால் தோட்டம் இரவிலேயே கருகிக் கிடக்கிறது. பெருமைக்காகத் திறந்த வாயிலும், கஞ்சத்தனத்தால் அடைத்த வாயிலும் ஒரே முடிவுக்கு இட்டுச் சென்றன.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு பார்த்தால், ஏற்காட்டிலும் உதகையிலும் நடக்கும் காட்சிகள் நமக்குக் கிஸ்ராவின் விரிப்பாகத் தோன்றவில்லை. கூலி வேலை செய்பவரும் தறிக்காரரும் தம் பிள்ளைகளோடு சென்று காணும் காட்சிகள் அவை. ஒருவருக்கென்று இருந்த வசந்தம் ஊருக்கென்று ஆகியிருக்கிறது. பெங்களூர் லால்பாக்கின் வரலாறும் இவ்வாறே. ஹைதர் அலீ 1760இல் தொடங்கி, திப்பு சுல்தான் பல நாட்டுச் செடிகளைத் தருவித்து வளர்த்த அரச தோட்டம் அது. இன்று அதன் கண்ணாடி மாளிகையில் குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடக்கும் மலர்க் காட்சிகளில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். 1792 உடன்படிக்கைவரை நம் சேலத்துச் சீமையும் அந்த ஆட்சியின்கீழ்தான் இருந்தது என்பதை இடையே சொல்லிவைக்கிறோம்.

(மயில், யானை என்று உயிருள்ளவற்றின் உருவங்களை மலரால் அமைப்பது பற்றிய சட்டம் தனி. அதை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறோம்.)

ஆனால் வாயில் திறந்திருப்பதனால் மட்டும் எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிடுமா? சிறுமி கேட்டது ஆறாம் நாளைப் பற்றி அல்லவா? இங்கேதான் காட்சித் தோட்டம் அமைப்போரிடம் நாம் வழக்காட வேண்டியிருக்கிறது. ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளூவுக்கு அளவோடு நீரைச் செலவிடுமாறு போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். கடுங்கோடையில், கீழே சமவெளியில் குடங்கள் வரிசையில் நிற்கும் மாதத்தில், தெளிக்கும் ஒவ்வொரு குடம் நீருக்கும் கணக்கு வேண்டும். மலர்கள் மக்கி எருவாகிவிடும். அவை குத்தப்பட்ட பச்சைப் பஞ்சுக் கட்டிகள் மக்குவதில்லை, பொடிப்பொடியாகி மண்ணிலும் நீரிலும் கலந்து கிடக்கின்றன. இலண்டன் செல்சியில் 1913 முதல் பெரும் மலர்க் காட்சியை நடத்திவரும் அரச தோட்டக்கலைச் சங்கம், 2021ஆம் ஆண்டிலிருந்து தன் காட்சிகளில் இந்தப் பஞ்சுக் கட்டிகளைத் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் திருமண மேடைகளில்கூட அவை தாராளமாகப் புழங்குகின்றன.

செல்சியைக் குறிப்பிட்டதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ஏறக்குறைய மூன்று வாரங்களில் முழுத் தோட்டங்களையே எழுப்பிவிடுகின்றனர். சுவர், குளம், பாதை, வளர்ந்த மரங்கள் எல்லாம் லாரியில் வந்து இறங்குகின்றன. செடிகளில் பெரும்பாலானவை தொட்டியோடு மண்ணுக்குள் இறக்கப்பட்டு, தொட்டி விளிம்பு தெரியாதபடி மூடப்படுகின்றன. பின்பருவத்தில் பூப்பதை வெப்பம் கொடுத்து முன்னே இழுத்தும், முன்பருவத்தில் பூப்பதைக் குளிரில் வைத்துத் தடுத்தும், இயற்கையில் ஒருநாளும் சேர்ந்து பூக்காதவற்றை ஒரே பாத்தியில் பூக்க வைக்கின்றனர். இது பொய்யாகாதா?

நண்பரிடமே கேட்டோம். அவர் மாதிரிச் சேலையை எடுத்துக்காட்டினார். வியாபாரியிடம் காட்டுவதற்கென்று ஒன்றிரண்டு நெய்கிறார்கள். அது யாரும் கட்டுவதற்கன்று. “மாதிரி போடுவது தப்பில்லை. ஆனால் அந்தப் பாவிலே, அந்த விலையிலே, அந்தத் தறியிலே திரும்ப நெய்து தர முடிகிறதாக இருக்கணும். முடியாததை மாதிரியென்று காட்டினால் அது வேறே” என்றார். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு, ஏமாற்றுவோர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடிந்த அண்ணலாரின் கடைவீதி நிகழ்ச்சி நமக்கு நினைவு வந்தது. வீட்டு முற்றத்தில் வைத்து வளர்க்கக்கூடிய செடியை, அது வளரும் விதத்தைச் சொல்லிக் காட்டுகிற தோட்டம் நல்ல மாதிரி. எந்த முற்றத்திலும் நிற்காத ஒன்றைக் காட்டி, பார்ப்பவனின் சிறு முற்றத்தை அவன் கண்ணுக்கே இழிவாக்குகிற தோட்டம் ஈரத்தை மறைத்த குவியல்தான்.

அதே செல்சியில் 2001ஆம் ஆண்டு, அப்போது இளவரசராயிருந்த இன்றைய மன்னர் சார்லஸ், தம் ஹைகுரோவ் இல்லத்துத் துருக்கிக் கம்பளங்களின் கோலத்தைக் கொண்டு, மைக்கேல் மில்லர் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து ஒரு தோட்டம் அமைத்தார். நடுவே நீரூற்று, சுற்றிலும் சுவர், கம்பளத்து வண்ணங்களில் செடிகள் என அது நம்மவர் தோட்ட மரபைத் தழுவியது. பாரசீகத்தில் தோட்டத்தைக் கம்பளமாக நெய்தார்கள். இங்கே கம்பளம் திரும்பத் தோட்டமாகிவிட்டது. காட்சி முடிந்ததும் அதைக் குப்பையாக்கிவிடாமல் ஹைகுரோவிலேயே நிலையாக அமைத்துக்கொண்டனர். ஆயினும் அது அரச இல்லத்துக்குத்தான் போனது. 2022 முதல் அங்கே அறக்கட்டளை ஒன்றின் பொருளுதவியால் அமைந்த தோட்டங்கள், காட்சிக்குப் பின் மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களுக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டு நிலைபெறுகின்றன. எங்கே போய்ச் சேரும் என்பதை முதற்கோடு வரையும்போதே முடிவு செய்துவிடுகின்றனர். நம் பூங்காக்களில் காட்சி முடிந்த தொட்டிகள் அரசு பள்ளிகளுக்கும், மதரஸா முற்றங்களுக்கும், மருத்துவமனை வராந்தாக்களுக்கும் போய்ச் சேர்ந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! நடப்பட்டதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்பதெல்லாம் நட்டவனுக்குத் தர்மமாக எழுதப்படுகிறது என்பது நபிமொழி. பூவைப் பார்த்து ஒரு நோயாளி சற்றே முகம் மலர்ந்தால், அதுவும் அந்தக் கணக்கில் சேருமென்றே நம்புகிறோம்.

சிறுமிக்கு என்ன விடை சொல்வது என்று நண்பர் மறுபடியும் கேட்டார். ஊரெல்லாம் பார்த்து மகிழ்வதற்காகச் செய்தார்கள் என்று சொல்லுங்கள். பிறகு என்ன ஆகுமென்று அவர்களும் யோசித்திருக்க வேண்டும், அதை அடுத்த முறை போகும்போது தோட்டக்காரரிடம் நீயே கேள் என்றும் சொல்லுங்கள் என்றோம்.

மேடை மதிப்பீட்டைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவரே முடிவு செய்துகொண்டார். வெட்டு மலர்களும் பஞ்சுக் கட்டிகளும் வேண்டாம், உயிருள்ள தொட்டிச் செடிகள் போதும் என்று அலங்காரக்காரரிடம் சொல்லிவிட்டாராம். தொட்டிகள் வாடகைக்குத்தான் வருகின்றன. நிகாஹ் முடிந்து மண்டபம் காலியானதும் வண்டியேற்றிக் கொண்டு போய்விடுவார்கள். மலையில் கேள்வி கேட்ட சிறுமிக்கு மட்டும் ஒரு சாமந்தித் தொட்டியை விலைக்கே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. தறிக்கூடத்தை ஒட்டி வெயில் படுகிற இடம் ஒரு முழந்தான் இருக்கிறது. அங்கே இப்போது சாயமிட்ட நூல் காய்கிறது.